களிமண் தானே உருமாறினால்...

எரேமியா இறைவாக்கினர் குயவன் வீட்டிற்குச் சென்ற நிகழ்ச்சியை நாம் அறிவோம். கலம் கெட்டுப்போகவே, குயவன் அதே மண்ணை வேறொரு கலமாக வனைந்தான். இனிக் குயவன் கை தொடாமலே, இட்ட கட்டளைப்படி தன்னைத்தானே வனைந்துகொள்ளும் பொருளை ஆக்க இயலுமா என விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர்.

1991-ஆம் ஆண்டில் தொஃபோலி, மார்கோலஸ் என்னும் அறிஞர் இருவர் இத்தகைய பொருளுக்கு ஒரு பெயர் சூட்டினர். 'கட்டளை ஏற்கும் சடப்பொருள்' என அதனை நாம் தமிழில் சொல்லலாம். பின்னர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார், களிமண்ணையே நினைவூட்டும் வண்ணம் 'கிளேட்ரானிக்ஸ்' என்ற ஆய்வைத் தொடங்கினர். மணல் போன்ற நுண்ணிய கணினிகள் எண்ணிறந்தவை ஒன்றோடொன்று ஒட்டியும் விலகியும் வேண்டிய உருவை எடுக்க வேண்டும் என்பது அவர்தம் கனவு. நாற்காலி மேசையாகுமாம்! ஒரே பாயைப் படுக்கையாகவும் பந்தியாகவும் விரித்துப் பழகிய நம் பங்கு மக்கள் இதற்கு அவ்வளவாக வியக்கமாட்டார்கள். கனவும் இன்னும் கைகூடவில்லை. 2014-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1,024 சிறு இயந்திரங்கள் தாமாகவே நகர்ந்து விண்மீன் வடிவில் நிற்க ஏறக்குறைய 12 மணி நேரம் பிடித்தது.

ஆனால் எளிய வகையில் இது முன்னரே நம்மிடையே வந்துவிட்டது. 1959-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் உருவாக்கிய நிடினால் என்னும் நிக்கல்-டைட்டானியக் கலவை, வளைத்தாலும் சூடு பட்டதும் பழைய வடிவிற்குத் திரும்பும். சுருக்கி இரத்தக் குழாயினுள் செலுத்தப்படும் நிடினால் வலை, உள்ளே சென்றதும் விரிந்து அடைப்பை அகற்றி நிற்கிறது.

நம் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. 2012-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் மூன்று மாதக் குழந்தை ஒன்றிற்குச் சிகிச்சை அளித்தனர். அதன் மூச்சுக்குழலின் கிளை வலுவின்றி அடிக்கடி ஒடுங்கி, மூச்சு நின்றுவிடும். குழந்தையின் குழலை அளவெடுத்து, உடலில் கரையும் பொருளால் கணினி வழியே ஓர் உறை அச்சிட்டுக் குழலின்மேல் வைத்துத் தைத்தனர். 21 நாளில் செயற்கைச் சுவாசக் கருவி அகற்றப்பட்டது.

அமெரிக்க இராணுவ ஆய்வு முகமையும் உருமாறும் பொருளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. அதனால் இப்பொருள் என்னென்ன செய்யும் என்பதைவிட, அதற்குக் கட்டளையிடுபவர் யார், எதற்காக இடுகிறார் என்பதையே நாம் முதலில் கேட்கிறோம். ஒரு தாயின் மடியில் மூச்சுத் திணறும் பிள்ளைக்காக இடப்பட்ட கட்டளையை நாம் நன்றியோடு ஏற்கிறோம். அதே சிகிச்சை ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டுமா என்ற கவலையும் நம்மை விட்டபாடில்லை.

2015-இல் இக்குழந்தை உட்பட மூன்று குழந்தைகளைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. ஒருபுறம் திறந்திருக்கும் அவ்வுறை, பிள்ளை வளர வளரத் தானும் விரிந்து இடங்கொடுக்கிறது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் குழல் தன் வலுவில் நிற்கப் பழகிவிடும். அதற்குள் உறை உடலிலேயே கரைந்து போகும்.