கடனுக்கு வழி சொல்பவரை அறிந்துகொள்வது எப்படி?

காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் போகிறோம். கடன் முற்றினால் யாரிடம் போவது? இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் நம் கடன் தெரிந்தவர்களிடமே இருந்தது. தோட்டக் கடையில் பற்று எழுதினோம். பட்டணத்துச் செட்டியாரிடம் நகையை அடகு வைத்தோம். பின்னர் பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. நம் பிள்ளைகள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களில் குடியேறினார்கள். இன்று மோட்டார் சைக்கிள், கார், வீடு, கடன் அட்டை என்று கடன் பல பக்கமிருந்தும் வருகிறது. தவணை தவறினால் கடிதம் வருகிறது. அதைப் பிரித்துப் பார்க்கவே பலருக்கு அச்சம்.

இந்த அச்சத்தை நம்பிப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறோம், கறுப்புப் பட்டியலிலிருந்து பெயரை நீக்குகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புவார்கள். உண்மையான ஆலோசகரை இவர்களிடமிருந்து எப்படிப் பிரித்தறிவது?

முதலாவதாக, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கேட்க வேண்டும். 2006-ஆம் ஆண்டில் நம் நாட்டின் மத்திய வங்கியாகிய பேங்க் நெகாரா, கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தைத் தொடங்கியது. ஏ.கே.பி.கே. என்று அழைக்கப்படும் இந்நிறுவனத்துக்கு ஈப்போவிலும் கிளை உண்டு. தனியாரும் இத்தொழிலைச் செய்கிறார்கள். 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பயனீட்டாளர் கடன் சட்டம் அவர்களையும் மேற்பார்வைக்குள் கொண்டுவர வழிசெய்கிறது. ஆகவே, "உங்கள் அனுமதியைக் காட்டுங்கள்" என்று கேட்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டாவதாக, கட்டணத்தைக் கவனிக்க வேண்டும். ஏ.கே.பி.கே.யின் ஆலோசனை இலவசம். அது யாருக்கும் கடன் கொடுப்பதுமில்லை, இடைத்தரகர்களை வைத்துக்கொள்வதுமில்லை. அதன் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

மூன்றாவதாக, அவர் முதலில் எதைக் கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. கணவன் மனைவி இருவரின் சம்பளமும் சேர்ந்து மாதம் 3,400 ரிங்கிட். உணவு, வாடகை, பள்ளிச் செலவு, பெட்ரோல் எல்லாம் 2,200. எஞ்சுவது 1,200. ஆனால் கடன் தவணைகளோ 1,700. மாதாமாதம் 500 ரிங்கிட் துண்டு விழுகிறது. போலி ஆசாமி இந்தக் கணக்கைப் பார்க்கவே மாட்டார். 1,500 ரிங்கிட் முன்பணம் கேட்பார். அது மூன்று மாதத் துண்டுத் தொகை! உண்மையான ஆலோசகரோ சம்பளச் சீட்டையும் வங்கிக் கடிதங்களையும் கேட்பார். வரவையும் செலவையும் எழுதிப் பார்த்து, கட்டக்கூடிய தொகை எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற திட்டத்தை வங்கிகளின் முன் வைப்பார். வங்கிகள் ஒப்புக்கொண்டால், மாதம் ஒரே தொகையாகக் கட்டலாம். அது பல வங்கிகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்படும்.

நான்காவதாக, கசப்பானதையும் சொல்கிறாரா என்று கவனிக்க வேண்டும். தவணைக் காலம் நீண்டால் கட்டும் ஆண்டுகள் கூடும். மொத்த வட்டியும் கூடலாம். திட்டத்தில் இருக்கும்வரை புதுக் கடன் எடுக்க முடியாது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்பவரை நம்பலாம். கறுப்புப் பட்டியல் கதையை நம்ப வேண்டாம். பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். பதிவேட்டில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது. நாம் தவணை கட்டிய விவரமே அதில் இருக்கிறது. அந்த அறிக்கையை நாமே கேட்டு வாங்கலாம்.

அடையாள அட்டை, வங்கி அட்டை, அதன் இரகசிய எண் ஆகியவற்றை எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது. எழுதாத தாளில் கையெழுத்திடவும் கூடாது.

வட்டி முதலைகளின் கடன் வேறு வகை. 1951-ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டப்படி உரிமம் பெற்றவர், அடமானம் இல்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. அடமானக் கடனுக்கு 12 விழுக்காடு. அதாவது, அடமானமின்றி வாங்கிய 1,000 ரிங்கிட்டுக்கு ஓராண்டு வட்டி 180 ரிங்கிட்டைத் தாண்டலாகாது. ஒருவர் வாரத்துக்கே 100 ரிங்கிட் கேட்டால், இரண்டே வாரத்தில் அந்த அளவைத் தாண்டிவிடுகிறார். மிரட்டல் வந்தால் தயங்காமல் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும்.

நம்பிக்கை வைப்பது எப்படி என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்கு வாங்கினார்கள். தலைவரின் சொல் அவர்களைச் சேர்த்தது உண்மைதான். ஆனால் சொல்லோடு நிற்கவில்லை. சங்கம் சட்டப்படி பதிவானது. பணம் கட்டியவர் உறுப்பினரானார். உறுப்பினருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது. கடன் ஆலோசகரையும் நாம் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

நேயர்களே, பிரிக்காமல் வைத்திருக்கும் கடிதங்களை இந்த வாரமே பிரியுங்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி, மாதத் தவணை எவ்வளவு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். படித்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே ஆலோசகரிடம் போங்கள். ஒருவருக்கு விளங்காதது மற்றவருக்கு விளங்கும். வீட்டில் மறைத்து வைக்க ஒன்றும் இராது. இரண்டு தவணை தவறியதும் போனால் வழி பல இருக்கும். நீதிமன்றக் கடிதம் வந்த பிறகு போனால் அவ்வழிகள் குறைந்துவிடும்.