தாதிப் படிப்பா? பணம் கட்டுமுன் கேளுங்கள்!

தாய்மார்களே, மகள் தாதியர் பட்டப்படிப்புக்குப் போக ஆசைப்படுகிறாளா? மகிழ்ச்சி! ஆனால், சேமநிதிப் பணத்தை எடுக்குமுன், சங்கிலியை அடகு வைக்குமுன், கல்லூரிக்காரரிடம் கேளுங்கள்: "இந்தப் படிப்பை மலேசியத் தாதியர் வாரியம் அங்கீகரித்திருக்கிறதா?" வாரியத் தேர்வில் தேறிப் பதிவு பெறாவிட்டால் பட்டம் சுவரில் தொங்கும், மகள் தாதியாக வேலை பார்க்க முடியாது.

கட்டடத்தின் பளபளப்பில் மயங்காதீர்கள். நோயாளியின் கட்டிலருகே கற்கும் தொழில் இது. பயிற்சி எந்த மருத்துவமனையில் என்று விசாரியுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்துக்குக் கோலாலம்பூரிலும், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குக் கிளந்தான் குபாங் கிரியானிலும் சொந்த மருத்துவமனை உண்டு. கிளந்தான் தூரம்தான், அதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் குறைவு.

பட்டத்துக்கு இடம் கிடைக்கவில்லையா? எஸ்.பி.எம். முடித்தவளுக்கு 3 ஆண்டு டிப்ளோமா இருக்கிறது. அதிலும் பதிவுபெற்ற தாதியாகலாம். சம்பாதித்துக்கொண்டே பிறகு பட்டம் படிக்கலாம்.