கம்பத்துக்கு ஏன் தண்ணி ஊத்துறோம்?

மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டதும் நாம எல்லோரும் ஈரத்துணியோடு குடம் எடுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றுகிறோம். ஏன் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதே இல்லை. ஆனால் எங்கிருந்தோ வந்த ஓர் அம்மா நம்ம நோம்பியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்காங்க.

அவர் பெயர் பிரெண்டா பெக். கனடாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர். 1964 முதல் 1966 வரை காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் குடியிருந்தார். (அப்போது திருப்பூர் மாவட்டமே கிடையாது. அது 2009இல் வந்தது.) உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை, அதாங்க நம்ம பொன்னர் சங்கர் கதையை, 1965இல் டேப்பில் பதிவு செய்தார். கண்ணபுரம் மாரியம்மன் நோம்பி பற்றியும் எழுதினார். நமக்குக் கண்ணபுரம் என்றால் மாட்டுச்சந்தைதான் ஞாபகம் வரும்!

சாமி கும்பிடுவதைப் பார்த்து, மக்கள் எப்படிச் சேர்ந்தும் பிரிந்தும் வாழ்கிறார்கள் என்று படிப்பது மானிடவியலில் ஒரு பகுதி. பெக் படித்த ஆக்ஸ்ஃபோர்டில் இவான்ஸ்-பிரிட்சர்ட் என்ற பேராசிரியர் இருந்தார். அவர் ஆப்பிரிக்காவில், இன்றைய தெற்கு சூடான் பக்கம், அசாண்டே மக்களோடு தங்கி 1937இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அங்கே தானியக் குதிர் சரிந்து ஆள்மேல் விழுந்தால், கரையான் அரித்ததுதான் காரணம் என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் 'இவர் உட்கார்ந்த நேரம் பார்த்து ஏன் விழுந்தது?' அதற்குத்தான் சூனியம் என்பார்களாம். சிரிக்காதீர்கள்! பிரேக் பிடிக்காமல் வண்டியில் விழுந்தாலும், 'யார் கண்ணு பட்டுச்சோ' என்று நம்ம வீட்டில் மிளகாய் சுற்றிப் போடுகிறார்களே?

பெக் எழுதிய புத்தகம் 1972இல் வந்தது. கொங்கு நாட்டில் வலங்கை, இடங்கை என்று மக்கள் இரண்டு பக்கமாக இருந்ததை அதில் சொல்கிறார். நிலத்தை நம்பியவர்கள் வலங்கை. கைத்தொழில், வியாபாரம் செய்தவர்கள் பெரும்பாலும் இடங்கை. (சாதிப் பெயர்களை எழுத வேண்டாம் என்று டீச்சர் சொல்லிட்டாங்க.) கோயிலில் யார் எங்கே நிற்கிறார், யாருக்கு முதலில் திருநீறு என்று பார்த்தாலே ஓர் ஊரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

நானும் ஒரு நோட்டு போட்டேன். முதலில் அம்முச்சியிடம் கேட்டேன்.

"கம்பம் அம்மனோட புருசன் கண்ணு. குளிரட்டும்னுதான் தண்ணி ஊத்தறது. கடைசி நாள் புடுங்கிக் கெணத்துல விட்டா அம்மன் தனியாயிருவா" என்றாங்க. சொல்லும்போதே குரல் மாறிவிட்டது. அப்புச்சி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அடுத்த கேள்வி, "தெக்கு வீதிக்காரங்க மட்டும் ஏன் கடைசியா ஊத்தறாங்க?"

"அதெல்லாம் கேக்கப்படாது" என்று அம்முச்சி எழுந்து போயிட்டாங்க.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற தோழி தெற்கு வீதிதான். அவளிடம் கேட்டேன். "நானும் எங்கம்மாகிட்டக் கேட்டேன் புள்ள. அதெல்லாம் கேக்கப்படாதுன்னாங்க" என்றாள்.

இரண்டையும் நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

9 ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு