இருப்புப் பாதையைப் பார்த்துப் பறந்தவர்கள்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், திருவள்ளூரைக் கடந்த சிறிது நேரத்தில் மணவூர் என்னும் சிறு நிலையம் வரும். வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த ஊர். வடமேற்கே திருத்தணி மலை. அதற்கப்பால் ஆந்திர எல்லை. இவ்வூர் மக்களுக்கு ஆகாய விமானம் புதுமையன்று. அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கப்பெற்ற 'இராஜாளி' கடற்படைத் தளத்தின் பெரிய விமானங்கள் வட்டமிடுவதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். ஆனால் நாம் இங்கே சொல்ல வந்தது அப்பெரும் பறவைகளைப் பற்றியன்று. மரச்சட்டமும் துணியும் கொண்டு செய்த சிறு விமானங்களில், வானொலியும் இன்றி, கீழே தெரியும் இரயில் தண்டவாளத்தையே வழிகாட்டியாகக் கொண்டு பறந்த ஒரு தலைமுறையைப் பற்றி.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் கராச்சியிலிருந்து அஞ்சல் மூட்டையுடன் புறப்பட்டு, ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாயில் வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அம்மூட்டையை ஏற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். அந்நாளைய விமானிக்கு ஒரு திசைகாட்டியும் மடியில் விரித்த வரைபடமுமே துணை. ஆறு, ஏரி, மலை, இருப்புப் பாதை ஆகியவை அவனுக்கு மைல்கற்கள். வானம் தெளிந்திருந்தால் கவலையில்லை. மேகம் தாழ்ந்துவிட்டாலோ, தண்டவாளம் கண்ணுக்குத் தப்பாதிருக்கத் தானும் தாழ்ந்து பறப்பான். அத்தண்டவாளம் நேராக ஒரு குன்றினுள் நுழைவதும் உண்டு!

இத்தகைய விமானிகளை உருவாக்கியவை பிளையிங் கிளப்புகள். 1928-ஐ ஒட்டி டில்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தா ஆகிய நகரங்களிலும், அடுத்துச் சென்னையிலும் அரசின் ஆதரவுடன் இவை தோன்றின. நமது புனித தோமையார் மலையின் அடிவாரத்துக்கு அண்மையிலுள்ள மீனம்பாக்கமே சென்னைக் கிளப்பின் களமாயிற்று. எங்கும் 'மாத்' என்ற விமானமே பயன்பட்டது. அந்துப்பூச்சி என்று பொருள். அதனை 1925-இல் வடிவமைத்த ஜெஃப்ரி டி ஹாவிலாண்டு அந்துப்பூச்சிகளைச் சேகரிப்பதில் ஆர்வம் மிக்கவராம். பெயரின் காரணம் அதுவே. முன்னும் பின்னுமாக இரண்டு திறந்த இருக்கைகள். ஆசிரியர் முன்னிருந்து பேசுவதை மாணவன் ஒரு குழாய் வழியே கேட்க வேண்டும். சக்கரங்களுக்குத் தடுப்பு இல்லை. எஞ்சினை இயக்க ஒருவர் எதிரே நின்று மர விசிறியைக் கையால் சுழற்றித் தர வேண்டும். அவர் ஒரு கணம் அசந்தால் விபத்து தரையிலேயே நேர்ந்துவிடும்.

பயிற்சிக் காலமும் மிகக் குறுகியது. 1929 பிப்ரவரியில் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்ற டாட்டா, மூன்றே முக்கால் மணி நேரப் பயிற்சிக்குப் பின் தனியே பறந்தவர்!

எஞ்சின் நின்றுபோவது அன்று அபூர்வமன்று. பெட்ரோலில் கலந்த சில துளி நீர் போதும். தகரங்களிலிருந்து ஊற்றும்போது மெல்லிய தோலில் வடிகட்டியே நிரப்புவார்கள். 'பிளக்' எனப்படும் தீப்பொறிக் கட்டைகளில் கரி படிந்தாலும் அதே கதிதான். 1930-இல் ஆகாகான் அறிவித்த பரிசுக்காக இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியே பறந்த போட்டியில் ஒரு நிகழ்ச்சி. இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த 17 வயது ஆஸ்பி எஞ்சினியர், எகிப்தின் அபூக்கிரில் மாற்றுப் பிளக்குகள் இன்றித் தவித்து நின்றார். எதிர்த்திசையில் கராச்சியிலிருந்து வந்த டாட்டா தம்மிடமிருந்தவற்றைக் கொடுத்தார். எஞ்சினியர் தம் உயிர்காப்பு உடையை அவருக்கு அளித்தார். இறுதியில் பரிசு எஞ்சினியருக்கே கிடைத்தது! பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானவரும் இவரே.

எஞ்சின் நின்றதனால் மட்டும் உயிர் போனதா? இங்கேதான் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். மாத் விமானம் மணிக்கு ஏறத்தாழ 40 மைல் வேகத்தில் தரை தொடக்கூடியது. ஒரு வயலில் இறக்கினாலும் சக்கரத் தாங்கிகள் முறியும், விசிறி உடையும். விமானியோ பெரும்பாலும் எழுந்து நடந்து வந்துவிடுவான். கொன்றது வேறொன்று. புறப்பட்டு இருநூறு, முந்நூறு அடி உயரத்தில் எஞ்சின் அடங்குகிறது. முன்னே மரங்களும் குடிசைகளும். பின்னே, இப்போதுதான் விட்டு வந்த பத்திரமான மைதானம். மனித மனம் எதை நாடும்? விமானத்தைத் திருப்புகிறான். சாய்ந்து திரும்பும் விமானத்துக்கு, நேரே செல்வதைவிட அதிக வேகம் வேண்டும். இவனிடம் இருப்பதோ குறைந்துகொண்டே வரும் வேகம். உயரத்தைக் காக்க மூக்கைத் தூக்குகிறான். இறக்கையின் மேலே வழுக்கிச் செல்ல வேண்டிய காற்று பிரிந்துபோகிறது. தாங்கும் விசை அற்றுப்போகிறது. இதனை 'ஸ்டால்' என்பர். ஓர் இறக்கை மட்டும் முன்னதாக விழ, விமானம் சுழன்றுகொண்டே தலைகுப்புறச் சரிகிறது. போதிய உயரமிருந்தால் இச்சுழற்சியிலிருந்து மீள வழியுண்டு. முதல் உலகப் போர் முடிவதற்குள் அது கண்டறியப்பட்டுவிட்டது. முந்நூறு அடியில் அதற்கு நேரம் ஏது?

ஆகவேதான், எஞ்சின் நின்றால் திரும்பாதே, எதிரே இருப்பதில் இறங்கு என்பது மாணவன் மனத்தில் பதிக்கப்படும் முதல் விதிகளுள் ஒன்றாயிற்று. இவ்விதி காகிதத்தில் பிறந்ததன்று. எத்தனையோ இளைஞர்களின் சவப்பெட்டிகள் அதற்கு விலையாயின.

இன்னொரு தீவினையும் உண்டு. தன் வீட்டின் மேலும் நண்பர்களின் தலைக்கு மேலும் தாழப் பறந்து வித்தை காட்டும் ஆசை. கீழே தாயும் தங்கையும் கையசைத்து நிற்க, மேலே பிள்ளை விமானத்தைச் சுழற்றுவான். எஞ்சின் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே இவ்வித விபத்துகள் நேர்ந்தன என்பதே வருந்தத்தக்கது. இது பழங்கதையும் அன்று. 1980 ஜூன் 23 அன்று டில்லி பிளையிங் கிளப்பின் 'பிட்ஸ்' விமானத்தில் வித்தைப் பறப்பு செய்தபோது சஞ்சய் காந்தியும் உடன் சென்ற அனுபவமிக்க விமானியும் மாண்டனர்.

பழி முழுவதையும் விமானிகள் மேல் சுமத்துவதும் நியாயமாகாது. 'பஸ் மாத்' என்ற மூடிய அறை விமானங்கள் சில, வானிலேயே இறக்கை முறிந்து வீழ்ந்தன. 1931-இல் தென்னாப்பிரிக்காவில் கிளென் கிட்ஸ்டன் என்ற புகழ்பெற்ற விமானி அவ்வாறே இறந்தார். நெடிய ஆராய்ச்சிக்குப் பின்னரே குறை கண்டறியப்பட்டு அமைப்பு வலுப்படுத்தப்பட்டது. 1932-இல் டாட்டா அஞ்சல் கொணர்ந்ததும் ஒரு பஸ் மாத்திலேதான்!

ஆபத்து இத்தனை அருகிலிருந்ததால் போலும், விமானிகள் விண்ணகத் துணையை நாடினர். நாசரேத்தின் திருக்குடும்ப இல்லம் வானவர்களால் தூக்கிவரப்பட்டது என்ற மரபையொட்டி, லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1920-இல் அறிவித்தார். நம் நாட்டுச் சட்டமும் மெல்ல மெல்ல வளர்ந்தது. 1934-இல் விமானச் சட்டமும் 1937-இல் விதிகளும் வந்தன; விபத்துகளை ஆராய்வதற்கென்றே தனி அலுவலகம் 2012-இல்தான் அமைந்தது.

வீட்டில் காத்திருந்தவர்களின் கதையை யாரும் அதிகம் எழுதவில்லை. லாகூர் பிளையிங் கிளப்பில் சேலையுடுத்தி மாத் விமானத்தில் ஏறிய சரளா என்னும் இளம்பெண்ணைப் பற்றி மட்டும் ஓரளவு அறிவோம். 1936-இல் 21 வயதில், ஒரு பெண் குழந்தையின் தாயாக, தனியே பறந்தார். அவரை ஊக்குவித்தவர் விமானியான கணவர் பி.டி. சர்மா. 1939-இல் விமான விபத்தொன்றில் சர்மா இறந்தார். சரளா அப்போதும் பறப்பதை வெறுக்கவில்லை. தொழில்முறை விமானியாகும் உரிமத்துக்காக ஜோத்பூரில் பயிற்சியை நாடினார். உலகப் போர் மூண்டு அப்பயிற்சி நின்றது. லாகூருக்குத் திரும்பி ஓவியம் கற்றார். நாடு பிரிந்தபோது இரண்டு பெண் குழந்தைகளுடன் டில்லி வந்து சேர்ந்தார். மறுமணம் செய்துகொண்டு சரளா துக்ரால் ஆனார். சேலைகளுக்கும் அணிகலன்களுக்கும் வடிவம் வரைந்து வாழ்ந்தார்.