புல்லட்டுக்கும் ஒரு சட்டப்பிரிவு

மோட்டார் சைக்கிள் என்ற சொல் எந்தச் சட்டத்தில் வருகிறது என்று ஒரு கல்லூரி மாணவரைக் கேட்டால், மோட்டார் வாகனச் சட்டம் என்று உடனே சொல்லிவிடுவார். அந்தச் சொல் இன்னொரு சட்டத்திலும் இருக்கிறது. அது 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள அதன் 3(1)(இசட்.ஏ) பிரிவைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதை, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம் என்கிறது அது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. அபராதமும் உண்டு.

ஒரு நாட்டின் நாடாளுமன்றம் செருப்பையும் சைக்கிளையும் பெயர் சொல்லி எழுத வேண்டி வந்தது என்றால், தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசிக்க வேண்டும். எழுதிய பிறகும் அது நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிச் சென்ற தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. எங்கள் முன்னால் நீ புல்லட் ஓட்டுவதா என்று கேட்டு வெட்டியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தனர். வழக்குப் பதிவானது, மூன்று பேர் கைதானார்கள். வண்டியைப் பிடித்திருந்த கைகளையே குறிவைத்தது அந்தத் தாக்குதல் என்பதை மறந்துவிடக் கூடாது.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள பகை பழையது. 1901-இல் சிறுவனாக இருந்த அம்பேத்கர், தந்தையைப் பார்க்க வீட்டுப் பிள்ளைகளோடு பயணம் போனார். ரயிலடியில் மாட்டுவண்டிக்காரர் அவர்களை ஏற்றி ஓட்ட மறுத்தார். இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வந்தார். 1929-இல் அவர் பாரிஸ்டர், டாக்டர் பட்டம் பெற்றவர், பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். அப்போதும் சாலிஸ்கான் ஊரில் ஒரு குதிரைவண்டிக்காரர் அவரை வைத்து ஓட்ட மறுத்துவிட்டார். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்ட வேண்டியதாயிற்று. பாலத்தில் விபத்து நேர்ந்து அம்பேத்கரின் கால் எலும்பு முறிந்தது. சட்டம் படித்த மேதைக்கே வண்டியில் இந்தக் கதி என்றால், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்?

என் அப்பா ஊர்த்தெரு முனை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டு போய், காலனிப் பாதையில்தான் மறுபடி ஏறுவார். யாரும் தினமும் நின்று மிரட்டியதில்லை. இறங்குவது என்பது உடம்பிலேயே பழகிப்போயிருந்தது. தெருவின் நீளம் இருநூறு அடிகூட இருக்காது.

அந்தத் தெரு வழியாகத்தான் கடந்த மாதம் என் தங்கை மகன் தன் புல்லட்டை முதன்முதலாக ஓட்டி வந்தான். ஐ.டி.ஐ. படித்துவிட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். மூன்று ஆண்டு சேமிப்பில் வாங்கிய வண்டி, அவன் பிறப்பதற்கு முன் தயாரானது. புதிய வண்டிகளில் இருக்கும் பட்டன் ஸ்டார்ட் அதில் கிடையாது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றவற்றுக்குக் கீழே அழுத்த வேண்டும். நகரத்து மெக்கானிக் கடையில் அரை மணி நேரம் பாடம் நடந்தது. "பலத்தைக் காட்டாத தம்பி, முள்ளைப் பாரு" என்றார் மெக்கானிக். கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்ப் மீட்டர் முள் அசைந்து நடுவுக்கு வரும். அந்த இடத்தில் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டுவிட்டு ஒரே மிதி. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும்.

நாங்கள் கிளம்பும்போது தங்கை போன் செய்தாள். "அண்ணே, ஏரிக்கரை வழியா வந்துடுங்க. எதுக்கு வம்பு?" என்றாள். அவள் குரலில் இருந்தது கோழைத்தனம் இல்லை, கணக்கு. பெற்ற பிள்ளையின் கை காலை வைத்துப் போட்ட கணக்கு. மருமகன் என்னைப் பார்த்தான். "நீங்க பின்னாடி உக்காருங்க மாமா, ரோட்டு வழியாவே போவோம்" என்றான். இருவரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டோம்.

புல்லட்டின் சத்தம் ஆள் வருவதற்கு முன்பே வந்துவிடும். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்ததும் அதே 1955-இல்தான். ராணுவமும் போலீசும் ஓட்டிய அந்த வண்டி, கிராமங்களில் மிராசுதார், கான்ட்ராக்டர், கட்சிப் பிரமுகர் வீட்டு வாசல்களில் நின்றது. சத்தம் கேட்டாலே வழியில் நிற்பவர்கள் ஒதுங்கினார்கள். இப்போது அதே சத்தம் காலனியிலிருந்து எழும்போது சிலருக்குக் காது கூசுகிறது. வண்டியின் விலை அவர்களுக்குப் பொருட்டில்லை. யார் ஒதுங்க வேண்டும் என்ற பழைய ஏற்பாடு குலைவதுதான் அவர்களை உறுத்துகிறது.

தெருவின் பாதியில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. மருமகனின் வலது கால் பழைய வண்டிப் பழக்கத்தில் பிரேக்கைத் தேடிக் கியரை மிதித்தது. குட்டி தப்பித்தது, எஞ்சின் நின்றுவிட்டது. டீக்கடைக்கு நேர் எதிரே. பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேர் திரும்பினார்கள். ஒரு பெரியவர் கேட்டார்: "யாருக்குடா ஓட்டிட்டு வர்ற?" யார் வண்டி என்று அவர் கேட்கவில்லை. அது அவனுடையதாக இருக்கலாம் என்ற நினைப்பே அவருக்கு எழவில்லை. "என் வண்டிதாங்க, இன்னிக்குத்தான் எடுத்தேன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவன் ஆம்ப் மீட்டர் முள்ளைப் பார்க்க ஆரம்பித்தான். முதல் மிதியில் பிடிக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. யாரும் உதவவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அந்தத் தெருவுப் பையன் ஒருவன் கிட்டே வந்து, "அண்ணே, கியரு இந்தப் பக்கமா?" என்று குனிந்து பார்த்தான். மருமகன் காட்டினான். வீட்டுக்குள்ளிருந்து யாரோ பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவன் போய்விட்டான். மூன்றாவது மிதியில் வண்டி பிடித்தது. இரண்டாவது கியரில், எப்போதும்போல் போகும் வேகத்தில், தெருவைக் கடந்தோம்.

ஒரு தடவை ஓட்டியதால் தெரு மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். மறுநாளும் அவன் வேலைக்கு அதே வழியாகப் போனான், திரும்பினான். இன்றுவரை போகிறான். உரிமை இப்படித்தான் பழக்கமாக வேண்டும்.

வண்டி வாங்கும் இளைஞர்களுக்குச் சில செய்திகள். பழைய வண்டியானால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டியாக இருந்தால் பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். காப்பீடும் உங்கள் பெயருக்கு மாறட்டும். தகராறு வந்தால் முதலில் எழும் கேள்வி, இது திருட்டு வண்டியா என்பதாகத்தான் இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள உங்கள் பெயர்தான் அதற்குப் பதில். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அபராதம் போடப் போலீஸ் இருக்கிறது. எந்தத் தெருவுக்கும் அந்த அதிகாரம் கிடையாது.

யாராவது வழிமறித்தால், இறங்கித் தள்ளச் சொன்னால், தனியாக நின்று வீரம் காட்ட வேண்டாம். நாள், நேரம், இடம், பேசிய வார்த்தை, பார்த்தவர்கள் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், அதன் நகலும் தர வேண்டும் என்று இதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. வழக்குப் பதிவதற்கு முன்விசாரணை தேவையில்லை என்பதை 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாக்கியது. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566, கட்டணம் இல்லை.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புது வண்டி எடுத்த பிள்ளையிடம் என்ன விலை, என்ன மைலேஜ் என்று விசாரிப்பதோடு, எந்த வழியாக வீட்டுக்குப் போகிறாய் என்றும் கேளுங்கள். ஏரிக்கரை வழி என்று சொன்னால், அதற்கான காரணத்தையும் கேளுங்கள்.