உங்கள் காரின் மூக்கு அடைத்திருக்கிறதா?

எர்ணாவூரில், துறைமுகம் போகிற கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வந்து பாருங்கள். வெள்ளைச் சட்டை என்ன கலர் ஆகிறது? அதே தூசியைத்தான் உங்கள் காரும் இழுக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய, சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். (நல்லவேளை, காற்றுக்கு பில் கிடையாது!)

இந்தக் காற்றை வடிகட்டத்தான் ஏர் ஃபில்டர். மூன்று ரகம் உண்டு.

பழைய அம்பாஸடர், டிராக்டர்களில் 'ஆயில் பாத்'. கனமான தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். பொடித்தூசி நைஸாக நழுவிவிடும்.

இன்றைய கார்களில் மடிப்பு மடிப்பாகப் பேப்பர். பொடித்தூசியையும் பிடித்துவிடும்.

மூன்றாவது, எண்ணெய் தடவிய காட்டன். கழுவிக் கழுவிப் போடலாம். "காத்து ஜாஸ்தி போகும் சார், பிக்கப் பிச்சுக்கும்" என்பார்கள். காற்று ஜாஸ்தி போவது வாஸ்தவம்தான். ஆனால் காற்று தாராளமாகப் போகிற வழியில் தூசியும் தாராளமாகப் போகுமே! அது சிலிண்டரை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பிஸ்டன் ரிங் தேயும், வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும். அப்புறம் எஞ்சின் வேலைக்கு ஒரு மாசச் சம்பளம் போதாது.

ஆகவே, எர்ணாவூர்க்காரர்களுக்குப் பேப்பரே உத்தமம். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல், முன்கூட்டியே கழற்றிப் பாருங்கள். கறுத்து அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். வேகமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் பேப்பர் கிழியும்.

"ஃபில்டரையே கழட்டிடுங்க சார், மைலேஜ் கொட்டும்" என்று யாராவது சொன்னால் உஷார்! அவர் பிஸ்டன் ரிங் விற்பவராக இருக்கலாம்.