குப்பையை எடைபோட்ட கண்கள்

மதுரை விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வரும் வழிகளில் ஒன்று, அவனியாபுரம், வில்லாபுரம் தாண்டித் தெற்குவாசலில் வந்து சேர்கிறது. அந்த வழியே வருகிற வெளிநாட்டவர் எல்லோரும் மீனாட்சியம்மன் கோயிலைத் தேடி வருகிறவர்கள் இல்லை. வைகையைக் கடந்து அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய், அங்கே நடக்கும் சிகிச்சையைக் கூடவே இருந்து பார்த்துப் படிக்க வரும் மாணவர்களும் ஆய்வாளர்களும் அவர்களில் உண்டு. அதே ஆஸ்பத்திரிக்கு வில்லாபுரத்தில் பஸ் ஏறிப் போகும் பாட்டிக்குக் கண்ணில் புரை. மகன் முகமே மங்கலாகத் தெரிகிறது. மாணவரும் பாட்டியும் ஒரே நடைபாதையில் எதிரெதிரே வருகிறார்கள். ஒருவர் பார்வையைத் திரும்பப் பெற வந்தவர், மற்றவர் பார்ப்பதற்கென்றே வந்தவர். பாட்டிக்குக் கிடைப்பது தெளிவாகத் தெரிகிறது. மாணவருக்கு என்ன கிடைக்கிறது, அவர் நமக்கு என்ன தந்துவிட்டுப் போகிறார் என்பதை நாம் போதுமான அளவு கேட்பதில்லை. பார்ப்பவர் பரிதாபத்தோடு நின்றுவிட்டால் யாருக்கும் பயனில்லை. பார்த்ததை அளந்து, கணக்கிட்டு, ஊருக்குச் சொன்னால் அந்தப் பார்வை மருத்துவத்தையே ஒரு படி நகர்த்தும். இதற்கு மதுரையிலேயே சான்று இருக்கிறது.

அரவிந்தின் தொடக்கக் கதையிலேயே இப்படி ஒரு பார்வை உண்டு. 1918இல் எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, அரசு மருத்துவராகப் பல்லாயிரம் கண் அறுவைகளைச் செய்தவர். பணி ஓய்வுக்குப் பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். அமெரிக்கப் பயணத்தில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களைக் கண்டபோது அவர் மனதில் தங்கியது அங்கே விற்ற பண்டம் இல்லை. எந்தக் கிளைக்குப் போனாலும் அதே தரம், அதே முறை, யாரையும் பழக்கிவிடக்கூடிய வேலை ஒழுங்கு. கண்புரை அறுவையை ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று அவர் கேட்டார். வெளியூரில் பார்த்ததை அளந்து சொந்த ஊருக்குக் கொண்டுவந்த பார்வை அது. 1992இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே தயாரித்து, இறக்குமதி விலையில் சிறு பங்குக்குத் தந்தது. 1993இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி இந்த மருத்துவமனையை ஒரு பாடமாகவே எழுதியது. உலகம் மதுரையைப் பார்க்க வரத் தொடங்கியதற்கு இவையெல்லாம் காரணம்.

அப்படி வருகிறவர் அறுவை அரங்கில் காண்பது என்ன? அடுத்தடுத்து இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைத் துடைத்துத் துணி போர்த்தித் தயார் செய்துவிடுகிறார்கள். முதல் கண் முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அடுத்த மேசைப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அவர் எழுந்து நடக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் வேண்டியதில்லை. கருவிகளை எடுத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து இரண்டாண்டு பயிற்சி பெற்ற இளம்பெண்கள். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்கிறார். மற்ற எல்லாவற்றையும் இவர்கள் செய்கிறார்கள். பயன்படுத்திய கருவிகள் குறுகிய நேர நீராவிச் சுத்திகரிப்புக்குப் போய் உடனே திரும்பி வருகின்றன. நோயாளிக்கு நோயாளி கையுறையைக் கழற்றி எறிவதற்குப் பதிலாக, கிருமிநாசினியால் துடைத்துக்கொள்கிறார்கள். ஒரு சொட்டு மருந்துக் குப்பி பலருக்குப் பயன்படுகிறது. இதெல்லாம் செலவைக் குறைக்க வந்த பழக்கங்கள். செலவு குறைந்தால்தான் கட்டணம் தருகிறவர்களின் பணத்தில், தர முடியாதவர்களுக்கும் அறுவை செய்ய முடியும்.

இந்தப் பழக்கங்களுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு என்பதை வெளியிலிருந்து வந்த ஒரு பார்வைதான் எண்ணாக்கிக் காட்டியது. கசாண்ட்ரா தீல் அமெரிக்காவில் பொறியியல் படித்து, ஃபுல்பிரைட்–நேரு உதவித்தொகையில் அரவிந்துக்கு வந்தவர். அவரது ஆய்வுக் குழு அரவிந்த் மருத்துவமனைகளில் கண்புரை அறுவைக்குப் பின் சேரும் குப்பையைச் சேகரித்து, வகை பிரித்து, எடை போட்டது. மின்சாரம், கருவிகள், மருந்துகள் ஆகியவற்றின் சுற்றுச்சூழல் சுமையையும் கணக்கில் சேர்த்தது. 2017இல் அந்த ஆய்வு வெளியானது. ஃபேகோ என்ற முறையில் செய்யும் ஒரு கண்புரை அறுவைக்கு ஏறத்தாழ 250 கிராம் குப்பை. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாக மறுசுழற்சி செய்யக்கூடியது. காற்றில் கலக்கும் கரியமில வாயுக்கணக்கு ஏறத்தாழ 6 கிலோ. பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆகும் கரிச்சுமையில் இது சுமார் 5 சதவீதம்தான். அரவிந்தில் தினமும் வேலை செய்கிறவர்களுக்கு இது சாதாரண நாள். வேறிடத்தில் மலைபோல் குவியும் பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இங்கே எது இல்லை என்பது உடனே கண்ணில் பட்டது. இருப்பதை உள்ளூர்க்காரர் பார்ப்பார். இல்லாததைப் பார்க்க வெளியூர்க்காரர் வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சிக்கனம் என்ற பெயரில் பாதுகாப்பைக் குறைக்கிறார்களா? ஏழை நாட்டுச் சமாளிப்பைப் பெருமையாகப் பேசலாமா? கண் அறுவையில் மிகவும் அஞ்சவேண்டியது கண்ணுக்குள் கிருமி புகும் எண்டாப்தால்மிடிஸ். அது பார்வையையே பறித்துவிடக்கூடியது. ஆகவே பதில் அந்த நோயின் எண்ணிக்கையிலிருந்துதான் வரவேண்டும். அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளை ஆராய்ந்த அறிக்கையும் 2017இலேயே வெளியானது. அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தத் தொடங்குவதற்கு முன் இந்தத் தொற்று 0.07 சதவீதம், செலுத்தத் தொடங்கிய பின் 0.02 சதவீதம். அதாவது பத்தாயிரம் அறுவைகளுக்கு ஏழு என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. பணக்கார நாடுகளின் நல்ல மருத்துவமனைகளோடு ஒப்பிட்டாலும் கூச்சப்பட வேண்டிய எண் இல்லை இது. எறிவதால் மட்டுமே சுத்தம் வந்துவிடாது. ஒழுங்கான சுத்திகரிப்பும், ஒவ்வொரு தொற்றையும் விடாமல் பதிவு செய்யும் கணக்கும்தான் சுத்தத்தைக் காக்கின்றன. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் வட அமெரிக்கக் கண் அறுவை மருத்துவர்களையும் செவிலியர்களையும் கேட்டபோது, 93 சதவீதம் பேர் தங்கள் அரங்குகளில் வீணாகும் பொருள் மிதமிஞ்சியது என்றார்கள். அந்தக் குறை இப்போது பலர் வாய்விட்டுப் பேசும் பொருளாகிவிட்டது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட ஆழமானது. ஏழை நோயாளி ஒருவரை வேற்று நாட்டு மாணவர் வேடிக்கை பார்க்கும் பொருளாக ஆக்கலாமா? ஆக்கக்கூடாது. வெள்ளைக் கோட்டு போட்டு நிற்பவரை நம் ஊர்ப் பெரியவர்கள் டாக்டர் என்றே நம்புவார்கள். அந்த நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துவது எளிது. உலகின் பல பகுதிகளில், போதிய பயிற்சி இல்லாத மாணவர்கள் சொந்த நாட்டில் செய்ய அனுமதியில்லாத வேலைகளைப் பிற நாட்டு ஏழைகளின் உடம்பில் செய்து பார்த்ததாக எழுந்த குற்றச்சாட்டுகள் உண்டு. 2010இல் வெளியான சர்வதேச நெறிமுறை ஒன்று, இத்தகைய பயிற்சியின் பயன் நோயாளிக்கும் வரவேற்கும் நிறுவனத்துக்கும் சேர வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. மருத்துவராகப் பதிவு பெறாத எவரும் சிகிச்சை செய்ய நம் சட்டமும் இடம் தரவில்லை. ஆகவே பார்வையாளர் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக்கூடாது. "இவங்க டாக்டர் இல்லம்மா, படிக்க வந்த பிள்ளை; பக்கத்துல நின்னு பாக்கலாமா?" என்று நோயாளியிடம் தமிழில் கேட்க வேண்டும். "வேணாம்" என்று சொன்னாலும் சிகிச்சையில் எள்ளளவும் குறையாது என்பதை அவருக்குப் புரியவைக்க வேண்டும். படம் எடுக்கக்கூடாது. இந்த நான்கும் இருந்தால் பார்வை அவமரியாதை ஆகாது. குப்பைக் கூடையை எடைபோட்டவர்கள் எந்த நோயாளியின் அந்தரங்கத்தையும் தொடாமலே உலகத்துக்குப் பாடம் எடுத்தார்கள் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

கண்புரை சுலபமானது, சில நிமிடங்களில் முடிவது, இதை வைத்து இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் பாடம் சொல்ல முடியுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இரட்டை மேசை முறை எல்லா அறுவைக்கும் பொருந்தாது. கையுறைப் பழக்கத்தை வேறு துறைக்கு அப்படியே எடுத்துச் செல்வது ஆபத்து. ஆனால் எடுத்துச் செல்லவேண்டியது மேசையும் கையுறையும் இல்லை. எதை ஏன் எறிகிறோம் என்று கேட்பது, எறியாவிட்டால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்று ஆண்டாண்டாகப் பதிவு செய்வது, அந்தப் பதிவை ஒளிக்காமல் வெளியிடுவது ஆகிய மூன்றும் எந்தத் துறைக்கும் பொருந்தும்.

இந்தக் கேள்வி இப்போது நம் பக்கம் திரும்புகிறது. வெளிநாட்டு மாணவர் கடல் தாண்டி வந்து மதுரையைப் பார்த்துப் படிக்கும்போது, மதுரை மருத்துவக் கல்லூரி மாணவருக்கு அரவிந்த் ஒரு பஸ் தூரம்தான். எத்தனை கல்லூரிகள் தங்கள் மாணவர்களை ஒரு தராசோடு அறுவை அரங்குக்கு அனுப்பியிருக்கின்றன? ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்கள் நவீனத்தின் அடையாளம் என்ற எண்ணம் நம் தனியார் மருத்துவமனைகளில் வேர்விடும் காலம் இது. அந்தச் செலவு கடைசியில் நோயாளியின் பில்லில்தான் ஏறும். அந்தப் பிளாஸ்டிக் நம் கண்மாய்க்கரையில்தான் போய்ச் சேரும். வெளிநாட்டவர் வந்து அளந்து சொன்ன பிறகுதான் நம் நல்ல பழக்கத்தின் மதிப்பு நமக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. மருத்துவம், செவிலியம், பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: படிப்புக் காலத்தில் ஒரு வாரமாவது, நோயாளியின் சம்மதத்தோடும் மருத்துவமனையின் அனுமதியோடும், நம் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். பார்த்ததை அளந்து எழுதுங்கள். வில்லாபுரத்துப் பாட்டிக்கு அடுத்த கண்ணுக்கும் குறைந்த செலவில் நல்ல அறுவை நடக்க, அந்தக் கணக்குத்தான் உதவும்.